எண் 2 வேறு, 2 லிட்டர் வேறு: மூச்சோடு சேர்ந்து ஆக்சிஜன் தரும் கருவி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டில் ஆக்சிஜன் எடுத்துக்கொள்பவர்களைத் தொடர்ந்து பார்த்துவரும் புறநோயாளர் பிரிவு ஒன்றில் நடந்தது இது. நான் அங்கே சுவாச சிகிச்சையாளர். நோயாளியும் அவர் மகளும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் முடிச்சு விழுந்தது நாங்கள் எழுதிக் கொடுத்த சீட்டில்தான்.

பின்னணி

நோயாளிக்கு வயது 67. பல்மனரி ஃபைப்ரோசிஸ், அதாவது நுரையீரல் திசு தழும்பேறி இறுகிப்போகும் நோய், கண்டறியப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த நோய்க்காரர்களிடம் பொதுவாகக் காண்பதுதான் அவரிடமும் இருந்தது. உட்கார்ந்திருக்கும்போது சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் அளவு, 93 சதவீதம். எழுந்து நடந்தால் இரண்டு நிமிடத்தில் 82. தூக்கத்திலும் இறங்கியது. கார்பன் டை ஆக்சைடு தேங்கவில்லை.

ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் சிலிண்டரை இணைத்து, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் இடைவிடாமல் ஆக்சிஜன் கொடுத்தோம். 360 மீட்டர் நடந்தார். சாச்சுரேஷன் 90-க்குக் கீழே போகவில்லை. சீட்டில் இப்படி எழுதினோம்: “நடக்கும்போதும் தூங்கும்போதும் ஆக்சிஜன் 2.” 2 என்றால் 2 லிட்டர் என்று எழுதிய எங்களுக்குத் தெரியும். சீட்டில் அது இல்லை.

நடக்கும்போது மட்டும் ஆக்சிஜன் குறைபவர்களுக்கு ஆக்சிஜன் கொடுத்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நுரையீரல் தழும்பு நோய்க்காரர்களிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆம்பாக்ஸ் ஆய்வில், நடமாட்டத்துக்கு ஆக்சிஜன் கொடுத்த வாரங்களில் மூச்சுத்திணறலும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. ஆயுள் கூடுமா என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை. இவருக்கும் ஆயுள்கணக்கு பெரிதாகப் படவில்லை. மாடிப்படி ஏறி இறங்க வேண்டும், வெளியே போய்வர வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்.

வீட்டுக்கு இரண்டு கருவிகள் வந்தன. ஒன்று, படுக்கையறையில் வைக்கும், நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் ஆக்சிஜன் செறிவூட்டி. மற்றொன்று, தோள்பையில் மாட்டிக்கொள்ளும் இரண்டு கிலோ எடையுள்ள பேட்டரி செறிவூட்டி. சின்னதில் 1 முதல் 5 வரை எண்கள். கொண்டுவந்து கொடுத்தவர் சீட்டைப் பார்த்தார், 2 என்றிருந்தது, 2-இல் வைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கருவிக்குள் நடப்பது

மேற்கொண்டு நடந்தது புரிய இந்தப் பகுதி வேண்டும். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

செறிவூட்டி அறைக்காற்றை அழுத்தி சியோலைட் என்ற கனிமக் குருணைகளின் வழியாக அனுப்புகிறது. காற்றில் 78 சதவீதமுள்ள நைட்ரஜன் குருணைகளில் ஒட்டிக்கொள்ள, பெரும்பாலும் ஆக்சிஜனாகிய மிச்சம் வெளியே வருகிறது. எவ்வளவு குருணை, எவ்வளவு பெரிய கம்ப்ரஸர் என்பதைப் பொறுத்தே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும் என்பது. இரண்டு கிலோக் கருவி முழு மூச்சாக உழைத்தாலும் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் சொச்சம்தான் செய்யும். அப்படியானால் அதன் மேல் 5 என்ற எண் எப்படி வந்தது?

மூச்சை வெளிவிடும் நேரத்தில் ஓடும் ஆக்சிஜன் வீண் என்ற கணக்கிலிருந்து வந்தது. நிமிடத்துக்கு 20 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு மூன்று விநாடி. அதில் உள்ளிழுப்பது ஏறத்தாழ ஒரு விநாடி. மற்ற இரண்டு விநாடியும் சிலிண்டரிலிருந்து வருவது அறைக்குள்தான் போகிறது. உள்ளிழுப்பதிலும் கடைசிப் பங்கு மூச்சுக்குழாயைத் தாண்டுவதில்லை, அங்கேயே நின்று அப்படியே திரும்பிவிடுகிறது. ஆகவே உள்ளிழுப்பின் முதல் பாதியில் ஒரு சிறு கட்டியாக ஆக்சிஜனைத் தள்ளிவிட்டால் குறைந்த அளவிலேயே வேலை முடிந்துவிடும். இதுதான் பல்ஸ் முறை. மூக்கில் மாட்டும் குழாயான கேனுலா வழியாக மூக்கின் இழுப்பு, ஒரு சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் மிகச் சிறு பங்கே ஆனாலும், கருவியின் சென்சாரைத் தொடுகிறது. உடனே வால்வு திறந்து “பஃப்” என்று ஒரு தள்ளு. பச்சை விளக்கு ஒரு முறை மின்னும்.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் எண் 2 என்பதற்கு எல்லாக் கருவிக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் 2-உம் மற்றொரு கம்பெனியின் 2-உம் வேறு வேறு மில்லிலிட்டர். மூச்சின் வேகம் கூடும்போது கருவிகள் நடந்துகொள்ளும் விதமும் இரண்டு வகை. ஒரு வகை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரே அளவைக் கொடுக்கும்; வேகமாக மூச்சு வாங்கினால் நிமிடக் கணக்கில் அதிகம் கிடைக்கும். மற்ற வகை நிமிடத்துக்கு இவ்வளவு என்று நிறுத்திக்கொண்டு, வருகிற மூச்சுக்கெல்லாம் அதைப் பங்கு போடும். இவருடையது இரண்டாவது வகை. கையேட்டின்படி எண் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 210 மி.லி.; 2-இல் வைத்தால் 420.

22 மூச்சுக்கு 420-ஐப் பங்கிட்டால் மூச்சுக்கு 19 மி.லி. 34 மூச்சு என்றால் 12. ஒரு குடம் தண்ணீர் அதேதான், பந்தியில் ஆள்தான் கூடிவிட்டார்கள். உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில் தள்ளு சிறுத்துப்போகிறது.

இரண்டு மாதம் கழித்து

மகள் தொலைபேசியில் அழைத்தார். “அப்பா, மெஷின் வந்ததுக்கு அப்புறம்தான், மேடம், ரொம்ப உட்கார்ந்துட்டாங்க. படி ஏறி முடிச்சதும் ரெண்டு தடவ தடுமாறிட்டாங்க. உதடெல்லாம் ஒரு மாதிரி நீலமா இருக்கு.”

நோய் முற்றிவிட்டது என்பதுதான் எங்களுக்கு முதலில் தோன்றியது. இந்த நோயில் அது தவறான ஊகமும் இல்லை. மருத்துவர் புதிதாக ஸ்கேன் எடுக்கச் சொல்லலாமா என்று யோசித்தார். அடுத்த சந்தேகம் கருவிக்குப் போனது. கொண்டுவந்து கொடுத்த நிறுவனத்தின் டெக்னீஷியன் போய்ப் பார்த்துவிட்டு, கோளாறு எதுவும் இல்லை என்றார். ஃபில்டரில் தூசி இருந்தது. தட்டிக் கழுவி மாட்டினார். வெளிவரும் ஆக்சிஜனின் தூய்மை 93 சதவீதம். கருவி செய்ய வேண்டியதைச் செய்துகொண்டுதான் இருந்தது.

நேரில் வரச் சொன்னோம். மகள் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். இரண்டு மாதமாக நாளுக்கு நான்கு முறை, தேதி, மணி, சாச்சுரேஷன், நாடித்துடிப்பு என்று கோடு போட்டு எழுதியிருந்தார். 94, 93, 95, 94. ஒரு பக்கத்தில்கூட 90-க்குக் கீழே ஓர் எண் இல்லை. உதடு நீலமாகிறது என்று சொல்பவரின் கையிலேயே இந்த நோட்டு. ஒரு கணம், வீட்டார் பயத்தில் மிகைப்படுத்துகிறார்களோ என்று நினைத்தேன்.

“எப்ப எடுப்பீங்க?” என்று கேட்டேன்.

“அப்பா வந்து உட்கார்ந்ததும். நடக்கும்போது விரல்ல நிக்க மாட்டேங்குது, நம்பர் ஆடிக்கிட்டே இருக்கு. அதனால உட்கார வச்சு, நம்பர் நின்னதும் எழுதுவேன்.”

நம்பர் நிற்பதற்குள் ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓடிவிடும். இவருக்கு அதற்குள் ஆக்சிஜன் ஏறிவிடும். அந்த நோட்டு முழுக்க உண்மை. ஆனால் அத்தனையும் உட்கார்ந்த நேரத்து உண்மை. நாங்களும் அதையே செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. போன முறை வந்தபோது அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கருவியை 2-இல் ஓடவிட்டு, 95 என்று பார்த்து, “நன்றாக இருக்கிறது” என்று அனுப்பியிருந்தோம்.

நடைக்கூடத்தில் கண்டது

அன்றே நடக்கவைத்தோம். 30 மீட்டர் நடைக்கூடம். அவருடைய கருவி, அவருடைய குழாய், அவர் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் விதத்திலேயே. சாச்சுரேஷனை அளக்கும் ஆக்ஸிமீட்டர் நெற்றியில் ஒட்டும் வகை. நடக்கும்போது விரலைவிட அது ஆடாமல் நிற்கும். சக ஊழியர் பக்கத்தில் நடந்து மார்பு ஏறி இறங்குவதை எண்ணினார். நான் ஓரடி பின்னால், தோள்பையின் வலைத்துணி வழியாகத் தெரிந்த பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

முதல் நிமிடம்: மூச்சு 24, விளக்கு 24 முறை. சாச்சுரேஷன் 93. இரண்டாம் நிமிடம்: மூச்சு 29, விளக்கு 26. சாச்சுரேஷன் 88. மூன்றாம் நிமிடம்: மூச்சு 34, விளக்கு 27. நான்காம் நிமிடத்தில் சுவரைப் பிடித்து நின்றுவிட்டார். 160 மீட்டர், சாச்சுரேஷன் 83. மூச்சுத்திணறலுக்குப் பத்துக்கு ஏழு என்றார்.

மூன்றாம் நிமிடத்தில் ஏழு மூச்சு ஆக்சிஜனே இல்லாமல் போயிருக்கிறது. ஏன் என்று பையைத் திறந்தபோது, ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஒரு இணைப்புக் குழாய் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு உள்ளே திணிக்கப்பட்டிருந்தது. வீட்டில் கருவியை ஓரிடத்தில் வைத்துவிட்டு நடமாட வசதியாக வாங்கியது. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவானேன் என்று அதோடேயே வெளியிலும் போய்வந்திருக்கிறார். பல்ஸ் கருவிக்கு மூக்கின் இழுப்புதான் சைகை. அந்தச் சிறு இழுப்பு ஐந்து மீட்டர் கூடுதல் குழாயைக் கடந்து சென்சாருக்கு வருவதற்குள் மங்கிவிடுகிறது. திரும்பிப் போகும் தள்ளும் நீண்டு தளர்ந்து, உள்ளிழுப்பின் பிற்பகுதியில்தான் மூக்குக்கு வந்துசேர்கிறது. இந்தக் கருவியின் கையேடு இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டிய ஒற்றைக் கேனுலாவைத்தான் அனுமதிக்கிறது.

அதோடு இன்னொன்றும் காதில் விழுந்தது. இளைப்பாறும்போது அவரே சொன்னார்: “மெஷின் மூச்சோட சேர்ந்து குடுக்கும்னாங்க. அதனால பஃப் சத்தம் வர்ற வரைக்கும் காத்திருந்து இழுப்பேன். சில நேரம் அது வரவே மாட்டேங்குது.”

கருவி இவர் இழுப்பதற்காகக் காத்திருக்கிறது. இவர் கருவி தள்ளுவதற்காகக் காத்திருக்கிறார். சற்று நேரம் மூச்சே தெரியாவிட்டால் இந்தக் கருவி அலாரம் அடித்துத் தானாகத் தள்ளத் தொடங்கும். அதைத்தான் அவர் “வந்துவிட்டது” என்று நினைத்திருக்கிறார். இரண்டு மாதமாக இப்படியே. “நீங்க பாட்டுக்கு மூச்சு விடுங்க ஐயா, உங்க பின்னால வர வேண்டியது அதோட வேலை” என்று சொன்னேன். சிரித்தார். “அப்ப நான்தான் அதுக்கு வேலைக்காரனா இருந்திருக்கேன்.”

குழாய்தான் காரணம் என்று எங்களுக்கு ஏறத்தாழ முடிவாகிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்த நிகழ்வு பாதியில் நின்றிருக்கும். நாற்பது நிமிட ஓய்வுக்குப் பிறகு, இணைப்பைக் கழற்றிவிட்டு, காத்திருக்காமல் இயல்பாக மூச்சுவிடச் சொல்லி மறுபடி நடக்கவைத்தோம். மூச்சு 34, விளக்கு 33. ஒன்றைத் தவிர எல்லா மூச்சுக்கும் தள்ளு கிடைத்தது. சாச்சுரேஷன் 85.

எண்ணிக்கை சரியாகிவிட்டது; அளவு சரியாகவில்லை. அப்போதுதான் கையேட்டை எடுத்து, முன்னால் சொன்ன 420-ஐ 34-ஆல் வகுத்துப் பார்த்தேன். அதற்கு முன் யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

இரண்டு நாள் கழித்து ஒப்பீட்டுக்காகச் சிலிண்டரில் தொடர் ஓட்டமாக 2 லிட்டர் கொடுத்து நடக்கவைத்தோம். மிகக் குறைந்த சாச்சுரேஷன் 89. இரண்டு மாதம் முன்பு 90. அதாவது நோய் பெரிதாக நகரவில்லை. இந்த ஒரு நடை, ஸ்கேன் யோசனையை அப்போதைக்கு ஒத்திவைத்தது. நோயைச் சந்தேகிப்பதற்கு முன் பழைய ஏற்பாட்டில் ஒருமுறை நடக்கவைத்துப் பார்ப்பது எவ்வளவு மலிவான பரிசோதனை!

இரவுக் கதை

இதைத் தேடிப் போகவில்லை; போகிற போக்கில் வெளிவந்தது. பெரிய செறிவூட்டியின் இரைச்சலும் சூடும் தாங்காமல், ஒரு மாதமாக இரவிலும் சின்னக் கருவியைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது நடுராத்திரியில் அடிக்கடி அலாரம் அடித்ததால் கட்டிலுக்கு அடியில் வைத்துப் போர்வையால் மூடியிருந்தார்கள். காற்றை உறிஞ்சும் வழியையும் சூடு வெளியேறும் வழியையும் சேர்த்து மூடிவிட்டார்கள் என்பது ஒரு பக்கம். அந்த அலாரம் எதற்காக அடித்தது என்பதுதான் முக்கியம்: மூச்சு தெரியவில்லை.

தூக்கத்தில் மூச்சு மெலிகிறது. வாய் திறந்துகொள்கிறது. விழித்திருக்கும்போது வாயால் மூச்சுவிட்டாலும் மூக்கு அடைபடாமல் இருந்தால் சென்சார் பெரும்பாலும் பிடித்துவிடும். மெல்லிய தூக்க மூச்சில் அந்த உறுதி இல்லை. தள்ளு சில மூச்சுக்கு வரும், சிலதுக்கு வராது. கருவி தானாகத் தள்ளுவது மூச்சை வெளிவிடும் நேரத்தில் போய் விழவும் கூடும்.

இரவு முழுக்கப் பதிவு செய்யும் ஆக்ஸிமீட்டரை இரண்டு இரவுகளுக்குக் கொடுத்தனுப்பினோம். சின்னக் கருவியோடு தூங்கிய இரவில், ஏழு மணி நேரப் பதிவில் 1 மணி 50 நிமிடம் 88-க்குக் கீழே. பெரிய கருவியில் 2 லிட்டர் தொடர் ஓட்டத்தோடு தூங்கிய இரவில் ஆறு நிமிடம். பகலில் அவர் சோர்ந்து உட்கார்ந்ததற்கு இதிலும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

இரவைப் பற்றிய முடிவு எளிது. சின்னக் கருவி தூக்கத்துக்கு வேண்டாம். பெரிய கருவியைப் படுக்கையறைக்கு வெளியே, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, கேனுலாவும் இணைப்புமாக ஏழு மீட்டர் குழாய் மாட்டி உள்ளே கொண்டுவரச் சொன்னோம். தொடர் ஓட்டத்துக்குச் சைகை தேவையில்லை. குழாயின் அந்த நீளம் அதற்குப் பொருட்டில்லை. பையில் வில்லனாக இருந்த அதே இணைப்புக் குழாய்தான் இங்கே தூக்கத்தைக் காப்பாற்றியது. மகள் முதலில் குழம்பினார். ஒன்றுக்கு ஆகாதது இன்னொன்றுக்கு எப்படி ஆகும் என்று கேட்டார், நியாயமான கேள்வி. இரண்டு கருவியின் கையேட்டிலும் அந்தப் பக்கத்தைக் காட்டி, குழாய் முனைகளில் வேறு வேறு நிற நாடா ஒட்டிக் கொடுத்தோம்.

நடமாட்டத்துக்கு மூன்று வழிகள் இருந்தன.

தொடர் ஓட்டமும் தரக்கூடிய பெரிய பேட்டரிக் கருவி முதலாவது. எட்டு கிலோ, சக்கரவண்டியில் இழுத்துப் போக வேண்டும். வீட்டில் படிக்கட்டு. “அத இழுத்துக்கிட்டு போறதுக்கு நான் வீட்லயே இருந்துடுவேன்” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது, கையிலிருக்கும் கருவியையே எண் கூட்டி ஓட்டுவது. 3-இல் நடந்தபோது குறைந்தபட்ச சாச்சுரேஷன் 87. 4-இல் 90. 4 என்றால் நிமிடத்துக்கு 840 மி.லி.; 34 மூச்சுக்குப் பங்கிட்டால் மூச்சுக்கு 25 மி.லி. அருகில். 2 லிட்டர் தொடர் ஓட்டத்தில் இவர் வேகத்துக்கு ஒரு உள்ளிழுப்பில் கிடைப்பதும் ஏறத்தாழ அதே அளவுதான் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். காகிதக் கணக்கு நடைக்கூடத்தோடு ஒத்துப்போனது இந்த முறை. எப்போதும் ஒத்துப்போகும் என்று நம்பி நடையை விட்டுவிடக் கூடாது. எண் கூடினால் பேட்டரி சீக்கிரம் தீரும். 2-இல் நான்கு மணி நேரத்துக்கு மேல் வந்தது, 4-இல் இரண்டு மணி பத்து நிமிடம்தான். இரைச்சலும் கூடும், மூக்கும் உலரும். பல்ஸ் முறையில் ஈரப்பதத்துக்குத் தண்ணீர் பாட்டில் மாட்ட முடியாது. மாட்டினால் சைகை அதிலேயே செத்துவிடும்.

மூன்றாவது, சின்ன அலுமினியச் சிலிண்டரும் அதன் தலையில் மூச்சை உணர்ந்து திறக்கும் ரெகுலேட்டரும். இது ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரே அளவு தரும் வகை. எண் ஒன்றுக்கு 16 மி.லி. சொச்சம். 2-இல் நடந்தபோது குறைந்தபட்சம் 88, 3-இல் 91. நீர்க் கொள்ளளவு 2 லிட்டர் உள்ள சிலிண்டரை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறத்தாழ 300 லிட்டர் ஆக்சிஜன். 2 லிட்டர் தொடர் ஓட்டத்தில் இரண்டரை மணி நேரத்தில் காலி. இந்த ரெகுலேட்டரில் எண் 3-இல், 34 மூச்சு வேகத்தில் இடைவிடாமல் நடந்தாலே மூன்று மணி நேரம் வரும்; உட்கார்ந்து எழுந்து போனால் அதற்கு மேலும். ஆனால் தீர்ந்தால் நிரப்ப ஆள் வர வேண்டும். செறிவூட்டிக்கு மின்சாரம் போதும்.

பேசி முடிவெடுத்தோம். அன்றாட நடமாட்டத்துக்குக் கையிலிருக்கும் கருவியே, ஒற்றைக் கேனுலாவோடு, நடக்கும்போது 4, உட்காரும்போது 2. கூடுதலாக ஒரு பேட்டரி. வெளியில் நீண்ட நேரம் இருக்க வேண்டிய நாளுக்குச் சிலிண்டர். எண்ணை மாற்றிக்கொண்டே இருக்க அவர் மறந்துவிடுவார் என்று மகள் சொன்னார். எழுவதற்கு ஒரு நிமிடம் முன்பே 4-க்கு மாற்றி, இளைப்பு அடங்கிய பிறகே 2-க்கு இறக்குவது என்று பழக்கினோம். சாச்சுரேஷன் விழுந்த பிறகு எண்ணைக் கூட்டுவது வேறு, விழுவதற்கு முன்பே கூட்டுவது வேறு.

எப்போதும் 4-இலேயே விட்டுவிட்டால் என்ன என்று சக ஊழியர் கேட்டார். இவருக்கு அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை, பேட்டரிதான் தீரும். கார்பன் டை ஆக்சைடு தேங்கும் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளியாக இருந்தால் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன். அவர்களுக்குச் சாச்சுரேஷன் இலக்கே 88 முதல் 92 வரைதான்.

நோட்டிலும் ஒரு மாற்றம் செய்தோம். இனி நாளுக்கு ஒரே ஒரு அளவு போதும், ஆனால் படி ஏறி முடித்த இடத்திலேயே, நின்றபடி, விரலை மார்போடு அணைத்துப் பிடித்து, பத்து விநாடிக்குள் தெரியும் மிகக் குறைந்த எண்ணை எழுத வேண்டும்.

பிறகு நடந்தது

ஆறு வாரம் கழித்து அவருடைய கருவியில், எண் 4-இல், ஆறு நிமிடமும் நிற்காமல் 340 மீட்டர் நடந்தார். குறைந்தபட்சம் 89. திணறலுக்குப் பத்துக்கு நான்கு. தடுமாற்றம் மறுபடி வரவில்லை. நோட்டில் இப்போது 88, 90, 87, 89 என்று “மோசமான” எண்கள் நிறைய. மகள் கவலையோடு காட்டினார். முன்பிருந்த 94-களைவிட இவை எனக்கு நிம்மதியாக இருந்தன.

எல்லாம் சீராகப் போகவில்லை. மூன்றாம் வாரம் மூக்கில் இரத்தம் கசிந்தது. உப்புநீர்ச் சொட்டோடு அடங்கியது. ஒருநாள் வெளியே போனபோது கூடுதல் பேட்டரியை மறந்து, கடைசி அரை மணி நேரம் ஆக்சிஜன் இல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்றிலிருந்து அந்தப் பேட்டரி மகளின் கைப்பைக்கு மாறியது.

ஏழாம் மாதம் நோய் நிஜமாகவே நகர்ந்தது. ஓய்விலேயே 89. அதே கருவியில் 4-இல் நடந்தால் 85, 5-இல் 87. மூச்சு வேகம் 40-ஐத் தொட்டது; 5-இல் வைத்தாலும் மூச்சுக்கு 26 மி.லி.-க்கு மேல் தர அதனிடம் சரக்கு இல்லை. இந்த முறை காரணம் தேடி அலையவில்லை. முதலில் குழாயைப் பார்த்தோம், பிறகு விளக்கையும் மூச்சையும் எண்ணினோம், பிறகு சிலிண்டரில் 2 லிட்டர் தொடர் ஓட்டத்தில் நடக்கவைத்தோம்: அதிலும் 84. ஒரு காலை நேரத்தில் விடை தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் பெரிய கருவியும் நீளக் குழாயும், வெளியே போக 4 லிட்டர் தொடர் ஓட்டத்துக்குச் சிலிண்டர் வண்டி என்று மாறினோம். முன்பு வேண்டாமென்ற வண்டியை இந்த முறை அவரே கேட்டார். பேரன் தள்ளிக்கொண்டு வருகிறானாம்.

இனி மாற்றிச் செய்வது

சீட்டில் வெறும் எண் எழுதுவதை நிறுத்திவிட்டோம். தொடர் ஓட்டமா பல்ஸா, எந்தக் கருவி, ஓய்வில் எந்த எண், நடக்கும்போது எந்த எண், தூக்கத்தில் எது, எட்ட வேண்டிய சாச்சுரேஷன் எவ்வளவு என்று எழுதுகிறோம். கருவி மாறினால் சீட்டு செல்லாது என்று கீழே ஒரு வரி. நீளமான சீட்டுதான், மருத்துவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

பல்ஸ் கருவி வாங்கும் யாரையும் அந்தக் கருவியோடேயே, அவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் குழாயோடேயே நடக்கவைத்துப் பார்க்கிறோம். எங்களிடமுள்ள புதுக் கேனுலாவை மாட்டிப் பார்த்திருந்தால் ஐந்து மீட்டர் சுருள் எங்கள் கண்ணில் பட்டிருக்காது. மூன்றாம் நிமிடத்தில் மூச்சையும் விளக்கையும் சேர்த்து எண்ணுகிறோம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆள் குறைவான நாளில் மகனோ மகளோ விளக்கை எண்ணுகிறார்கள், அவர்கள் எங்களைவிடக் கவனமாகவே எண்ணுகிறார்கள்.

கருவி கொடுக்கும் அன்று சொல்லும் வாசகத்தையும் மாற்றினோம். “மூச்சோடு சேர்ந்து கொடுக்கும்” என்பதை விட்டுவிட்டு, “நீங்கள் இழுத்தால் அது கொடுக்கும்” என்று சொல்கிறோம். சொன்ன பிறகு அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம்.

இரவுக் கேள்வியை இன்னும் சரியாகக் கேட்கத் தெரியவில்லை. “ராத்திரி எந்த மெஷின்?” என்றால் எல்லோரும் பெரியது என்றே சொல்கிறார்கள். இப்போதைக்கு, சின்னக் கருவியின் மணிக்கணக்கு மீட்டரைப் படித்து, பகலில் வெளியே போன நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். போன வாரம் வந்த ஒருவருடையதில் நாளுக்குப் பதினொரு மணி நேரம் காட்டியது. வெளியே போவதே இல்லை என்றார் அவர்.